டிரெய்லருக்கு எத்தனை வாட் வேண்டும்?

பீனிக்ஸில் ஏப்ரல் பிறந்துவிட்டால் என் போனுக்கு ஒரே கேள்வி வரும். "அக்கா, டிரெய்லர் வாங்கியாச்சு. ஜெனரேட்டர் எத்தனை வாட் வாங்கலாம்?" நான் ஈரோட்டில் மின்பொறியியல் படித்தவள். இங்கே அரிசோனாவில் கட்டடங்களுக்கு மின் இணைப்பு வடிவமைக்கும் வேலை. எங்கள் வீட்டு வாசலிலும் 22 அடி டிரெய்லர் ஒன்று நிற்கிறது. அதனால் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுந்தால் நேரே என்னிடம் வந்துவிடுகிறது. பதில் சொல்வதற்கு முன் நான் இரண்டு விஷயம் கேட்பேன். எங்கே போகப் போகிறீர்கள்? அங்கே ஏசி போடுவீர்களா? இவை தெரியாமல் வாட் சொல்ல என்னால் முடியாது.

டிரெய்லர் என்றால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிக்கப் லாரியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, கூரைமேல் ஏசி, எல்லாம் உள்ளேயே இருக்கும். காசு கட்டித் தங்கும் தனியார் பார்க்குகளில் ஒவ்வொரு இடத்துக்கும் மின்கம்பம் உண்டு. பிளக்கைச் செருகினால் முடிந்தது. தேசியப் பூங்காக்களிலும் காட்டுப் பகுதிகளிலும் உள்ள பெரும்பாலான முகாம்களில் அந்த வசதி கிடையாது. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் இருக்கும் மேதர் முகாமில் மின் இணைப்பு இல்லை. பக்கத்திலேயே இருக்கும் டிரெய்லர் வில்லேஜில் உண்டு. இடம் கிடைப்பது எங்கே என்பதைப் பொறுத்துத்தான் ஜெனரேட்டர் தேவையா என்பதே முடிவாகும்.

டிரெய்லருக்குள் இரண்டு வகைக் கரண்ட் ஓடுகிறது. விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டரின் காற்றாடி ஆகியவை 12 வோல்ட் பேட்டரியில் வேலை செய்பவை. ஏசி, மைக்ரோவேவ், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுகள் 120 வோல்ட். சமைக்கவும் வெந்நீர் போடவும் புரோப்பேன் சிலிண்டர் இருக்கிறது. பல டிரெய்லர்களில் ஃப்ரிட்ஜ்கூட அதே புரோப்பேனில் ஓடும். ஆக, 120 வோல்ட் அறவே இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், சோறு வேகும், தண்ணீர் வரும். பேட்டரி தீராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. ஜெனரேட்டர் கடைக்குள் நுழையும் முன் மனதில் பதிய வேண்டிய முதல் விஷயம் இது.

கடையில் என்ன நடக்கிறது? "உங்களுடையது 30 ஆம்ப் டிரெய்லரா? 30-ஐ 120-ஆல் பெருக்குங்கள், 3,600 வாட். அதற்குக் குறையாமல் எடுங்கள்" என்பார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் 3,600 என்பது அந்தப் பிளக் தாங்கக்கூடிய உச்சவரம்பு. உங்கள் குடும்பம் உண்மையில் இழுக்கப் போகிற அளவு அதுவல்ல. பெரிய டிரெய்லர்களில் வரும் 50 ஆம்ப் இணைப்பு இரண்டு கம்பிகளில் தனித்தனியாக 50 ஆம்ப் தருவது. மொத்தம் 12,000 வாட். அந்தக் கணக்குப்படி போனால் தூக்க முடியாத ஒரு எஞ்சினை வாங்கி லாரியில் ஏற்ற வேண்டியதுதான்.

எல்லாக் கணக்கையும் புரட்டிப் போடுவது ஏசி. நம் ஊரில் டன் கணக்கில் சொல்வோம், இங்கே பிடியூ. 12,000 பிடியூ ஒரு டன். டிரெய்லர் கூரையில் வருவது பெரும்பாலும் 13,500 அல்லது 15,000; அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேல், அல்லது ஒன்றேகால் டன். ஓடிக்கொண்டிருக்கும்போது 13,500 பிடியூ ஏசி ஏறக்குறைய 1,300 முதல் 1,600 வாட் இழுக்கும். வெளியே வெயில் ஏற ஏற இதுவும் ஏறும். 42 டிகிரியில் அதே ஏசி 30 டிகிரியில் இழுப்பதைவிடக் கூடுதலாகத்தான் இழுக்கும்.

ஓடும்போது இழுக்கும் அளவு இதுதான். சிக்கல் கிளம்பும் கணத்தில். நின்றுபோன வண்டியைத் தள்ளுகிறவருக்குத் தெரியும், முதல் அடி நகர்த்தத்தான் மூச்சு வாங்கும். கம்ப்ரசர் மோட்டாரும் அப்படித்தான். ஏசியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் ஆர்எல்ஏ என்று ஒரு எண், எல்ஆர்ஏ என்று ஒரு எண். முதலாவது கம்ப்ரசர் ஓடும்போது இழுக்கும் ஆம்ப். இரண்டாவது, மோட்டார் அசையாமல் நிற்கும் நிலையில் இழுக்கும் ஆம்ப். எங்கள் ஏசியில் முதல் எண் பன்னிரண்டை ஒட்டி, இரண்டாவது அறுபதை ஒட்டி. ஐந்து மடங்கு! ஒரு நொடிகூட நீடிக்காத இழுப்பு அது. அந்தக் கணத்தில் வோல்டேஜ் கொஞ்சம் தாழ்ந்து, மோட்டார் முக்கி முனகிச் சுழல ஆரம்பித்துவிடுவதால் முழு அறுபது ஆம்ப்பையும் ஜெனரேட்டர் தந்தாக வேண்டியதில்லை. ஆனாலும் 3,000 வாட்டை ஒட்டி ஒரு உந்துதல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஜெனரேட்டர் எஞ்சின் உறுமும், சிவப்பு விளக்கு எரியும், டிரெய்லருக்குள் கரண்ட் போய்விடும். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதனால்தான் ஜெனரேட்டர் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம் என்கிறேன். அது பெரும்பாலும் கிளம்பும் கணத்துக்கான உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவு சின்ன எழுத்தில் வேறிடத்தில் இருக்கும். இங்கே பரவலாகப் பார்க்கும் ஹோண்டா இயு2200ஐ-யை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் இருக்கும் 2,200 உச்ச அளவு. தொடர்ந்து தருவது 1,800 வாட். வாங்கும்போது சின்ன எழுத்து எண்ணைத் தேடிப் பிடித்து, அதில் மட்டும் கணக்குப் போடுங்கள்.

ஏசியின் முதல் உந்துதலைக் குறைக்க ஒரு வழி உண்டு. சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று கையளவு பெட்டி விற்கிறார்கள். கூரைமேல் ஏறி, மூடியைக் கழற்றி, கம்ப்ரசருக்குப் போகும் ஒயர்களுக்கு நடுவில் இணைக்க வேண்டும். மோட்டாரை ஒரே வீச்சில் உதைத்துக் கிளப்பாமல் மெல்ல மெல்லக் கிளப்பும். இழுப்பு பாதிக்கும் கீழே போய்விடும். எங்கள் டிரெய்லரில் பொருத்தியிருக்கிறேன். அது வந்த பிறகு ஏசி கிளம்பும்போது ஜெனரேட்டரின் சத்தத்தில் சின்ன ஏற்றம் மட்டும் கேட்கிறது, விளக்கு மங்குவதில்லை. இதை மாட்டினால் 2,200 வாட் ஜெனரேட்டர் ஒன்றே 13,500 பிடியூ ஏசியைச் சமவெளியில் கிளப்பிவிடும். ஆனால் ஏசி ஓடும்வரை வேறு எதையும் அதில் போட முடியாது. மின்வேலை பழகாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

ஏசிக்கு அடுத்தபடியாகக் கணக்கைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத இழுப்புகள். இதை எத்தனை குடும்பங்களுக்குச் சொல்லியிருப்பேன்! ஜெனரேட்டரை டிரெய்லரில் இணைத்த மறுகணமே பேட்டரியை நிரப்பும் கன்வெர்ட்டர் தானாக வேலையைத் தொடங்கும். பேட்டரி வறண்டிருந்தால் 55 ஆம்ப் கன்வெர்ட்டர் ஒன்று 900 வாட் வரை இழுக்கும். ஃப்ரிட்ஜை 'ஆட்டோ'வில் விட்டிருந்தால், கரண்ட் வந்தது என்று தெரிந்ததும் புரோப்பேனை விட்டுவிட்டு 120 வோல்ட்டுக்குத் தாவும். அது ஒரு 350 வாட். வெந்நீர் பாய்லரின் மின்சார சுவிட்ச் தவறிப் போட்டிருந்தால் இன்னொரு 1,440 வாட். கூட்டிப் பாருங்கள். நீங்கள் கை வைக்காமலே 2,700 வாட் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் ஏசி போட்டால் எந்தச் சின்ன ஜெனரேட்டரும் படுத்துவிடும். பிறகு, "அக்கா, ஜெனரேட்டர் சரியில்லை, பெரிசா வாங்கணும்" என்று போன் வரும். பெரிதாக வாங்க வேண்டாம். ஃப்ரிட்ஜைப் புரோப்பேனுக்கு மாற்றுங்கள், பாய்லர் சுவிட்சை அணையுங்கள், கன்வெர்ட்டர் முதல் ஒரு மணி நேரம் பேட்டரியை நிரப்பி முடிக்கட்டும். பிறகு ஏசி போடுங்கள்.

சமையலறையில் நம் வீட்டுப் பொருட்களையும் சேர்க்க வேண்டும். 1,000 வாட் மைக்ரோவேவ் என்று முன்பக்கம் எழுதியிருந்தால் அது சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் அளவு. பிளக்கில் இழுப்பது 1,500-ஐத் தொடும். கரண்ட் பிரஷர் குக்கர் 1,000. இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 1,800. தலைமுடி உலர்த்தி 1,500-க்கு மேல். இங்கே விற்கும் 110 வோல்ட் மிக்ஸி 550 வாட்தான், அதுவும் சட்னி அரைக்கும் ஒரு நிமிஷத்துக்கு. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை டிரான்ஸ்பார்மர் போட்டு ஓட்டலாமா என்று கேட்காதீர்கள், வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிளக்கில் செருகி வாட் பார்க்கும் சின்ன மீட்டர் ஹார்டுவேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் ஒவ்வொரு பொருளையும் அதில் மாட்டிப் பார்த்து ஒரு தாளில் எழுதி, டிரெய்லர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எதை எதோடு சேர்த்துப் போடக்கூடாது என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

இனி, அரிசோனாக்காரர்கள் மறக்கவே கூடாத ஒன்று. பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடியில் இருக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய 6,900 அடி. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பும் 7,000 அடியை ஒட்டியே. மேலே போகப் போகக் காற்று லேசாகும்; எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும்; எரிபொருள் சரியாக எரியாது. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3.5 சதவீத சக்தி போய்விடும் என்று எஞ்சின் கையேடுகளிலேயே போட்டிருக்கும். 7,000 அடியில் கால்வாசி காணாமல் போய்விடுகிறது. 1,800 வாட் தரும் ஜெனரேட்டர் அங்கே 1,360 வாட்தான் தரும். கீழே வீட்டு வாசலில் வைத்துச் சோதித்தபோது ஏசியைக் கிளப்பிய அதே இயந்திரம் மேலே போய்க் கிளப்ப மறுப்பதற்குக் காரணம் இதுதான். கார்புரேட்டரில் மலைப்பகுதிக்கான ஜெட் மாற்றினால் கறுப்புப் புகை நிற்கும், எஞ்சின் சீராக ஓடும். இழந்த சக்தி முழுவதும் திரும்பி வராது. பெட்ரோலுக்குப் பதில் புரோப்பேனில் ஓட்டும் வகை என்றால் இன்னும் பத்து சதவீத அளவுக்குக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே உயரம் இன்னொன்றையும் செய்கிறது. ஜூலையில் பீனிக்ஸின் சராசரிப் பகல் உச்சம் 41 டிகிரி. ஃபிளாக்ஸ்டாஃபில் அதே மாதம் 28 டிகிரியை ஒட்டி, இரவில் கம்பளி வேண்டும். ஜெனரேட்டரின் பலம் குறையும் இடத்தில் ஏசியின் தேவையே இல்லாமல் போகிறது! கோடையில் முகாமிடப் போகிறவர்களுக்கு நான் தரும் முக்கியமான ஆலோசனை இதுதான்: ஏசியை ஓட்டுவதற்காகப் பெரிய எஞ்சினை வாங்கிப் பாலைவனத்தில் நிற்பதைவிட இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி மலையேறிவிடுங்கள். அங்கே பேட்டரி நிரப்ப 2,000 வாட் வகையில் ஒன்று தாராளம்.

நேரக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். மேதர் முகாமில் காலை 7 முதல் 9, மாலை 6 முதல் 8 வரை மட்டும் ஜெனரேட்டர் ஓட்டலாம். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை, தலா இரண்டு மணி நேரம். இப்படிப்பட்ட முகாம்களில் இரவில் அனுமதி கிடையாது. அப்படியிருக்கும்போது இரவு முழுக்க ஏசி ஓட்டுவதற்கென்று 4,000 வாட் வாங்குவதில் என்ன பயன்? அந்த எண்ணம் செல்லுபடியாவது நேரக் கட்டுப்பாடு இல்லாத திறந்த பொது நிலங்களில் மட்டும்தான். குளிர்காலத்தில் குவார்ட்ஸைட் பக்கம் ஆயிரக்கணக்கான டிரெய்லர்கள் வந்து நிற்கும் பாலைவனத்தில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ஆனால் ஜனவரியில் அங்கே ஏசிக்கு வேலை இல்லை.

சத்தத்துக்கும் சட்டம் உண்டு. தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக்கூடாது. கட்டடம் கட்டும் இடங்களில் பார்க்கும் திறந்த சட்டக ஜெனரேட்டர் விலை குறைவுதான். ஆனால் 60 சைக்கிள் கரண்ட் தர அதன் எஞ்சின் எப்போதும் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றியாக வேண்டும். ஒரு போனை சார்ஜ் போட்டாலும் அதே இரைச்சல். இன்வெர்ட்டர் வகை அப்படியல்ல. முதலில் உண்டாகும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, பிறகு மின்னணுச் சுற்றில் சீரான 60 சைக்கிளாக மாற்றித் தருகிறது. அதனால் தேவை குறையும்போது எஞ்சினும் மெதுவாகச் சுற்றலாம். பெட்ரோலும் மிச்சம். ஹோண்டா 2200-இன் டேங்க் ஒரு கேலனுக்கும் குறைவு. கால்வாசிச் சுமையில் எட்டு மணி நேரம் ஓடும், முழுச் சுமையில் மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கூடாரத்தில் கைக்குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டு பக்கத்து முகாமில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை நினைத்து, திறந்த வகையை வாங்காதீர்கள். இதில் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

சரி, எத்தனை வாட்? ஏசி இல்லாமல் மலைக்குப் போகிறவர்கள் தொடர்ந்து 1,600 முதல் 1,800 வாட் தரும் சின்ன இன்வெர்ட்டர் ஒன்று வாங்கினால் போதும். எடை 21 கிலோ சுற்று, ஒரு கையால் தூக்கலாம். 13,500 பிடியூ ஏசியைப் பகலில் சில மணி நேரமாவது போட்டாக வேண்டும் என்ற 30 ஆம்ப் டிரெய்லர்காரர்களுக்குத் தொடர்ந்து 3,000 முதல் 3,500 வாட் தேவை. மலையில் கால்வாசி போனாலும் ஓடும் ஏசிக்குப் போதும். அந்த அளவில் ஒரே இயந்திரம் வாங்கினால் 45 முதல் 60 கிலோ. நான் பரிந்துரைப்பது சின்ன இன்வெர்ட்டர்கள் இரண்டு. ஒயர் போட்டு இரண்டையும் இணைத்தால் 3,600 வாட் தரும். வழக்கமான பயணத்துக்கு ஒன்றை எடுத்துப் போகலாம், ஒன்று பழுதானாலும் இருட்டில் உட்கார வேண்டியதில்லை, முதுகுக்கும் நல்லது. முதலில் ஒன்று வாங்கி ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள், பலருக்கு இரண்டாவது தேவைப்படுவதே இல்லை. இரண்டு ஏசி வைத்த 50 ஆம்ப் பெரிய டிரெய்லருக்குத் தொடர்ந்து 5,500 வாட் வேண்டும். அது 120 கிலோவை நெருங்கும், லாரித் தட்டிலிருந்து இறக்க ஆள் வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு மின் இணைப்புள்ள பார்க்கே நல்லது என்பது என் எண்ணம்.

வாங்கி வந்த முதல் நாள் ஒரு குழப்பம் வரக்கூடும். மின்பாதுகாப்புக் கருவி மாட்டிய டிரெய்லரில் ஜெனரேட்டரை இணைத்தால், "கிரவுண்ட் இல்லை" என்று காட்டிக் கரண்ட்டை உள்ளே விடாது. ஜெனரேட்டர் பழுதில்லை. சின்ன இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் கம்பி எர்த்தோடு சேர்க்கப்படாமல் இருக்கும். டிரெய்லரிலும் விதிப்படி சேர்த்திருக்க மாட்டார்கள். நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இணைத்த ஒரு பிளக்கை ஜெனரேட்டரின் இன்னொரு பாயின்ட்டில் செருகினால் கருவி சமாதானமாகிவிடும். அந்தப் பிளக் ஜெனரேட்டரோடு மட்டுமே இருக்க வேண்டும். வீட்டுச் சுவரிலோ பார்க்கின் மின்கம்பத்திலோ அதைச் செருகவே கூடாது.

கடைசியாகச் சொல்வதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். சின்னது, பெரியது எதுவானாலும் ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசமில்லை. எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். அமெரிக்காவில் கையால் தூக்கிப் போகும் ஜெனரேட்டர்களின் புகையால் மட்டும் ஆண்டுக்கு நூறு பேர் வரை சாகிறார்கள் என்கிறது நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள், புகைக்குழல் உங்கள் ஜன்னலையும் பார்க்கக்கூடாது, பக்கத்துக் கூடாரத்தையும் பார்க்கக்கூடாது. மழை வருகிறதென்று டிரெய்லரின் வெய்யில் துணிக்கு அடியிலோ லாரித் தட்டின் மூடிக்குள்ளோ ஓட்டாதீர்கள். இந்த வாயு கூடினால் தானாக அணைந்துவிடும் வசதி புது மாடல்களில் இருக்கிறது, ஆனாலும் அது டிரெய்லருக்குள் என்ன நடக்கிறதென்று அறியாது. உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். அந்த அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வருடம். பழைய டிரெய்லர் வாங்கியவர்கள் இன்றைக்கே அதைக் கழற்றிப் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால் ஜெனரேட்டருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.